தொழிற்பள்ளி தந்த இசை மேதை



ஆண்டு மலர் என்றாலே எடிசன், விஸ்வேஸ்வரய்யா, நம்ம ஜி.டி.நாயுடு என்று பெரியவர்களின் வரலாறு வருவது வழக்கம். எல்லாரும் நாம் வணங்க வேண்டியவர்களே. ஆனால் இந்த முறை நான் ஒரு பேண்டு மாஸ்டரின் வரலாற்றை எழுதுகிறேன். டிப்ளமோ படிக்கிற பையனுக்கும் பேண்டு மாஸ்டருக்கும் என்னப்பா சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அவரும் நம்மைப் போலவே தொழிற்பள்ளியில் வரைபடக் காகிதத்தோடு உட்கார்ந்தவர்தான்.

அவர் பெயர் டியூக் எலிங்டன். அமெரிக்காவின் கறுப்பின மக்களில் ஒருவர். 1899-இல் பிறந்து 1974-இல் மறைந்தார். ஏறத்தாழ 50 வருஷம் ஒரு குழுவை விடாமல் நடத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைப் படைப்புகளைத் தந்தார்.

ஜாஸ் என்றால் என்ன?

ஜாஸ் என்பது 1900-ஐ ஒட்டிய வருஷங்களில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை. அந்த ஊரிலும் நம்ம ஊர் மாதிரியே ஊர்வலம் என்றால் பேண்டு, திருவிழா என்றால் பேண்டு, சாவு என்றாலும் பேண்டு. அந்தத் தெரு பேண்டிலிருந்து வளர்ந்ததுதான் ஜாஸ். மெட்டு ஒன்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு வாசிக்கிறவர் தன் கற்பனையில் அங்கேயே புதுசு புதுசாகக் கட்டிக்கொண்டு போவார். நம்ம நாயனக்காரர் ராகத்தை விரித்துக்கொண்டு போவாரே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

1920-களில் இருந்து இந்தக் குழுக்கள் பெரிதாகிக்கொண்டே போயின. டிரம்பட் மூன்று நாலு, டிராம்போன் மூன்று, சாக்ஸபோன் நாலைந்து, கூடவே பியானோ, கிதார், டபுள் பாஸ், டிரம்ஸ். மொத்தம் 15 பேர் அளவில் இருக்கும். இதற்குத்தான் பிக் பேண்ட் என்று பெயர். நம்ம பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கிளப் டான்ஸ் வந்தால் டிரம்பட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து அலறுமே, அது இந்த பிக் பேண்டின் தூரத்துச் சொந்தம்.

பிறப்பும் படிப்பும்

எட்வர்ட் கென்னடி எலிங்டன் 1899 ஏப்ரல் 29-ஆம் தேதி வாஷிங்டன் நகரில் பிறந்தார். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து அப்போது 34 வருஷம்தான் ஆகியிருந்தது. அப்பா ஒரு டாக்டர் வீட்டில் பட்லர். பிறகு கடற்படையில் புளூபிரிண்ட் எடுக்கும் வேலைக்குப் போனார். அம்மா டெய்சி பையனைப் பொத்திப் பொத்தி வளர்த்தார். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் பியானோ வாசிக்கத் தெரியும்.

ஏழு வயசில் பியானோ வகுப்புக்கு அனுப்பினார்கள். பையனுக்குப் பிடித்ததோ பேஸ்பால். வகுப்புக்குப் போனதைவிட மட்டம் போட்ட நாள்தான் அதிகம். பேஸ்பால் மைதானத்தில் வேர்க்கடலை விற்றதுதான் அவர் பார்த்த முதல் வேலை. நன்றாக உடுத்துவார், பேச்சிலும் ஒரு மிடுக்கு இருக்கும். அதைப் பார்த்துக் கூட்டாளி ஒருத்தர் வைத்த பட்டப்பெயர்தான் டியூக். நம்ம ஊர்ச் சொல்லில் சொன்னால் ஜமீன்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அந்தக் காலத்தில் வாஷிங்டனில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. கறுப்பினப் பிள்ளைகள் கைத்தொழில் கற்க ஆர்ம்ஸ்ட்ராங் மேனுவல் டிரெயினிங் ஸ்கூல் என்று ஒன்று இருந்தது. எலிங்டன் அங்கேதான் சேர்ந்தார். பாடம், வணிகக் கலை. அதாவது போர்டு, போஸ்டர், விளம்பரம் வரைவது. நண்பர்களே, இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். உலகப் புகழ் பெற்ற ஒரு மனிதர் நம்ம ஜாதகக்காரராக இருக்கிறாரே!

1914 கோடையில் சோடா கடை ஒன்றில் வேலை பார்த்தார். அங்கே முதல் மெட்டை உருவாக்கினார். அதைக் காகிதத்தில் எழுத அப்போது அவருக்குத் தெரியாது. காதில் வைத்திருந்ததைக் கையில் வாசித்தார், அவ்வளவுதான். ஊரில் இருந்த பியானோக்காரர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டுக் கற்றார். பிறகு ஹென்றி கிராண்ட் என்ற பள்ளி இசை ஆசிரியரிடம் தனியாகப் போய் முறையாகப் பாடம் எடுத்துக்கொண்டார். கேள்வி ஞானம் முதலில், ஏட்டுப் படிப்பு பின்னால். இரண்டும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நியூயார்க்கில் ஓவியம் படிக்க ஒரு உதவித்தொகை கிடைத்தது. வேண்டாம் என்றார். 1917-இல், பள்ளிப் படிப்பு முடிய மூன்று மாதம் இருக்கும்போது படிப்பையும் விட்டுவிட்டார். இதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கணபதி பக்கம் ஒரு பவுண்டரியில் மோல்டிங் வேலை. அந்தச் சர்ட்டிபிகேட் காகிதத்துக்கு எங்க வீட்டில் என்ன மதிப்பு என்பது எனக்குத் தெரியும். எலிங்டன் காகிதத்தை விட்டார், கற்பதை விடவில்லை. அப்படித்தான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

படித்த தொழிலும் வீண் போகவில்லை. போர்டு எழுதும் கடை ஒன்றை ஆரம்பித்தார். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னால் நம்ம ஊரில் ஆர்ட்ஸ் கடை இருந்ததே, அந்த மாதிரி. டான்ஸ் விழாவுக்குப் போஸ்டர் எழுதச் சொல்லி ஆள் வந்தால், வாசிக்க பேண்டு ஏற்பாடு பண்ணிவிட்டீர்களா என்று கேட்பார். பேண்டு வேண்டும் என்று ஆள் வந்தால், போஸ்டர் யார் எழுதுகிறார்கள் என்று கேட்பார். நம்ம கோயமுத்தூர்க்காரங்களுக்கு இந்த வியாபார மூளையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

காட்டன் கிளப்

1923-இல் நியூயார்க் போனார். நாலு வருஷம் சின்ன கிளப்பில் வாசித்த பிறகு, 1927 டிசம்பரில் ஹார்லம் பகுதியில் இருந்த காட்டன் கிளப்பில் இடம் கிடைத்தது. ரேடியோ வளர்ந்துகொண்டிருந்த சமயம் அது. கிளப்பில் வாசித்தது நாடு முழுக்க ஒலிபரப்பானது. எலிங்டன் பெயர் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம். மேடையில் ஆடுகிறவர், பாடுகிறவர், வாசிக்கிறவர் எல்லாரும் கறுப்பினத்தவர். கீழே உட்கார்ந்து கேட்கிறவர்கள் வெள்ளையர் மட்டும். வாசிக்கிறவரின் சொந்த பந்தம் வந்து ஒரு நாற்காலியில் உட்கார முடியாது.

எங்க மாமா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவர். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு கல்யாணத்துக்கு அவர் கூட ஜால்ரா தட்டப் போயிருந்தேன். மாப்பிள்ளை அழைப்பு முடிந்தது. பந்தி நடக்கிறது. செட்டுக்காரங்க எல்லாம் மண்டபத்துக்குப் பின்னாடி சமையல் கொட்டாய்கிட்ட சாப்பிட்டுக்கங்க என்று சொல்லிவிட்டார்கள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. ரீடைத் துடைத்து டப்பாவில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். காட்டன் கிளப்பைப் பற்றிப் படித்தபோது எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1930-களில் அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்குக் கச்சேரிக்குப் போனபோது கறுப்பினத்தவருக்கு நல்ல ஹோட்டலில் ரூம் தரமாட்டார்கள். எலிங்டன் என்ன செய்தார் தெரியுமா? ரயில் பெட்டிகளையே தனியாக வாடகைக்கு எடுத்தார். குழு அதிலேயே தூங்கி, அதிலேயே சாப்பிட்டு, ஊர் ஊராகப் போனது. போய் யாரிடமும் கெஞ்சவில்லை. சண்டையும் போடவில்லை. கோட்டு சூட்டு மடிப்புக் கலையாமல் வந்து இறங்கினார்கள்.

காகிதத்தில் ஆளின் பெயர்

இனி அவருடைய வேலை முறைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் முக்கியமான இடம் இதுதான்.

மெட்ராலஜி பாடத்தில் இன்டர்சேஞ்சபிலிட்டி என்று படிக்கிறோம். எந்த லாட்டில் இருந்து நட்டை எடுத்தாலும் எந்த போல்ட்டிலும் ஏற வேண்டும். தொழிற்சாலை ஓடுவதே அந்தத் தத்துவத்தில்தான். பேண்டுகளும் அப்படித்தான் நடந்தன. இசை எழுதும் காகிதத்தின் மேல் முதல் டிரம்பட், இரண்டாம் டிரம்பட் என்று போட்டிருக்கும். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அதை வாசிக்க வேண்டும்.

எலிங்டன் காகிதத்தின் மேல் வாத்தியத்துக்குப் பதிலாக ஆளின் பெயரை எழுதினார்.

பப்பர் மைலி என்று ஒரு டிரம்பட்காரர். வாஷ்பேசின் அடைத்துக்கொண்டால் அமுக்கி எடுப்போமே கட்டை வைத்த ரப்பர் கப்பு, அந்தக் கப்பைக் கட்டையிலிருந்து கழற்றி டிரம்பட் வாயில் மூடி மூடித் திறப்பார். டிரம்பட் உறுமும், அழும், மனுசன் பேசுற மாதிரியே கேட்கும். டிரிக்கி சாம் நான்டன் அதையே டிராம்போனில் செய்தார். ஜானி ஹாட்ஜஸின் சாக்ஸபோன் தேனாய் வழுக்கிக்கொண்டு போகும். ஹாரி கார்னி 17 வயசில் 1927-இல் சேர்ந்தார். அடித்தொண்டையில் பேசும் பாரிடோன் சாக்ஸபோன் அவருடையது. ஒருத்தர் குரல் மாதிரி இன்னொருத்தர் குரல் இருக்காது. வேறு மாஸ்டராக இருந்தால் எல்லாரையும் ஒரே அளவுக்கு ராவி எடுத்திருப்பார். எலிங்டன் அந்தக் கோணல்களை அப்படியே வைத்துக்கொண்டு, இந்த ஆளும் அந்த ஆளும் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்று கணக்குப் போட்டார். போஸ்டர் வரைந்த கை அல்லவா!

ஓர் உதாரணம். 1930-இல் அவர் பதிவு செய்த மூட் இண்டிகோ. கிளாரினெட், டிரம்பட், டிராம்போன் மூன்றும் சேர்ந்தால் வழக்கமாகக் கிளாரினெட் மேலே, டிரம்பட் நடுவே, டிராம்போன் அடியில் ஒலிக்கும். அவர் அதைத் தலைகீழாக்கினார். கிளாரினெட்டை அதன் அடிச் சுருதிக்கு இறக்கினார். டிராம்போனை வாய் அடைத்து உச்சிக்கு ஏற்றினார். மூன்றும் சேர்ந்து, நாலாவது வாத்தியம் ஒன்று எங்கேயோ ஒலிப்பது போல ஒரு மயக்கம். மைக் முன்னால் அது எப்படிக் கேட்கும் என்பதையும் சேர்த்தே யோசித்தார். அன்றைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் பிடிக்கும். அந்த மூன்று நிமிஷத்துக்குள் முழுக் கதையையும் சொல்லப் பழகினார். கொடுத்த டைமென்ஷனுக்குள் டிசைன் பண்ணுவது என்றால் இதுதான்.

1935-இல் தாயை இழந்தார். அந்தத் துக்கத்தில் எழுதியது மூன்று நிமிஷத்துக்குள் அடங்கவில்லை. நாலு பக்கம் பிடித்தது.

துணைவர் ஸ்ட்ரேஹார்ன்

1938-இல் பிட்ஸ்பர்க் நகரில் பில்லி ஸ்ட்ரேஹார்ன் என்ற இளைஞர் வந்து வாசித்துக் காட்டினார். மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். எலிங்டன் அவரை நியூயார்க்குக்கு வரச் சொல்லி வழி சொன்னார். அந்த வழியில் போகும் பாதாள ரயிலின் பெயரையே வைத்து ஸ்ட்ரேஹார்ன் எழுதியதுதான் டேக் தி ஏ டிரெயின். 1941-இல் பதிவாகி, குழுவின் அடையாள இசையாகவே ஆனது. தன் எழுத்தைவிடத் தன் உதவியாளரின் எழுத்தைத் தலைவாசலில் மாட்டிவைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

1943 ஜனவரியில் நியூயார்க் கார்னகி ஹாலில் தம் இன மக்களின் வரலாற்றைச் சொல்லும் முக்கால் மணி நேர இசையை அரங்கேற்றினார். விமர்சகர்கள் பலர் ஏற்கவில்லை. உலகப் போர் முடிந்த பிறகு காலமும் மாறியது. மற்ற பெரிய குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. எலிங்டன் தம் பாட்டுகளுக்கு வந்த ராயல்டியை எடுத்துக் குழுவுக்குச் சம்பளம் கொடுத்தார். எழுதியதை மறுநாளே கேட்க வேண்டும், அதற்கு ஆட்கள் கூடவே இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. 1951-இல் ஹாட்ஜஸ் உட்பட மூன்று முக்கியமானவர்கள் விலகினார்கள். அப்போதும் கலைக்கவில்லை. ஹாட்ஜஸ் 1955-இல் திரும்பி வந்தார்.

1956 ஜூலை 7, நியூபோர்ட் இசை விழா. இரவு நேரமாகி, கூட்டம் எழுந்து போக ஆரம்பித்துவிட்டது. பால் கொன்சால்வஸ் என்ற சாக்ஸபோன்காரர் எழுந்து நின்றார். ஒரே மெட்டின் மேல் 27 சுற்று நிறுத்தாமல் வாசித்தார். போனவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள். ஜனங்கள் நாற்காலி மேல் ஏறி ஆடினார்கள். அடுத்த மாதம் டைம் பத்திரிகை அட்டையில் எலிங்டன் படம் வந்தது. முடிந்தது கதை என்று எழுதியவர்கள் பேனாவை மூடினார்கள்.

நம் நாட்டுக்கு வந்தார்

வாலிபத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறையில் தபால் கொண்டுபோகும் ஆளாகக் கொஞ்ச நாள் வேலை பார்த்தவர் எலிங்டன். அதே துறை 1963-இல் அவரையும் குழுவையும் நாட்டின் தூதராக ஆசியாவுக்கு அனுப்பியது. டில்லி, பம்பாய், கல்கத்தாவோடு நம்ம சென்னையும் பயணப் பட்டியலில் இருந்தது. இலங்கையும் போனார்கள். டில்லியில் அவருக்கு உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்தார். நவம்பர் 22 அன்று குழு துருக்கியில் இருந்தபோது அதிபர் கென்னடி சுடப்பட்டார். பயணம் அத்தோடு நின்றது.

அந்தப் பயணத்தை வைத்து அவரும் ஸ்ட்ரேஹார்னும் தந்த ஃபார் ஈஸ்ட் சூட் 1967-இல் வெளிவந்தது. அதில் ஒரு பகுதிக்கு டில்லி மைனாதான் நாயகன். ஸ்ட்ரேஹார்ன் தங்கிய இடத்தில் தினமும் கேட்ட மைனாவின் கூவலைக் கிளாரினெட் வாசிக்கிறது. நாம் தினம் கேட்டும் கவனிக்காத மைனா, கடல் தாண்டிப் போய் இசைத்தட்டு ஏறிவிட்டது.

1965-இல் புலிட்சர் பரிசுக் குழு அவருக்குச் சிறப்புப் பரிசு தரச் சொல்லியும், மேலே இருந்த வாரியம் மறுத்தது. அப்போது அவருக்கு 66 வயசு. அவர் சிரித்துக்கொண்டே கடந்து போனார். 1967-இல் யேல் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தந்தது. 1969-இல் 70-ஆவது பிறந்த நாளன்று வெள்ளை மாளிகையில் நாட்டின் உயர்ந்த விருதை அதிபர் நிக்சன் வழங்கினார். அவருடைய அப்பா ஒரு காலத்தில் அந்த மாளிகை விருந்துகளில் பரிமாறியவர். புலிட்சர்காரர்களும் 1999-இல், அவர் போன பிறகு, சிறப்புப் பரிசு கொடுத்துக் கடனைத் தீர்த்தார்கள்.

1974 மே 24-ஆம் தேதி எலிங்டன் மறைந்தார். 17 வயசில் வந்து சேர்ந்த ஹாரி கார்னி கடைசி வரைக்கும் கூடவே இருந்தார். ஊர் விட்டு ஊர் போகும்போது எலிங்டனைத் தன் காரில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனவரும் அவரே. அதே வருஷம் அக்டோபரில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

பள்ளிப் பிள்ளைகள் கையில்

ஆளின் பெயர் போட்டு எழுதிய இசை, அந்த ஆட்கள் போன பிறகு என்ன ஆகும்? செத்துப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவர் கைப்பிரதிகள் 1988-இல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வந்தன. 1990-களின் நடுவில் நியூயார்க்கின் ஜாஸ் அட் லிங்கன் சென்டர் ஒரு திட்டம் ஆரம்பித்தது. எலிங்டன் இசையைப் பிசகில்லாமல் எழுதி, பள்ளிக்கூட பேண்டுகளுக்கு இலவசமாக அனுப்புகிறார்கள். 15, 16 வயசுப் பிள்ளைகள் அதைப் பயின்று வருஷா வருஷம் நியூயார்க்கில் போட்டிக்கு வருகிறார்கள். பப்பர் மைலியின் ரப்பர் கப்பு இன்றைக்கு ஒரு பள்ளிப் பெண்ணின் கையில் இருக்கிறது!

அவர்கள் எப்படி வாசிக்கிறார்கள்? முதலில் பழைய ஆளைக் கேட்டுக் கேட்டுப் பிடிக்கிறார்கள். பிறகு தங்கள் குரலைக் கலக்கிறார்கள். எலிங்டன் குழுவிலும் அப்படித்தான். 1929-இல் மைலி போனதும் வந்த கூட்டி வில்லியம்ஸ் அந்த உறுமலைக் கற்றுக்கொண்டு, பிறகு தன்னுடையதாக்கினார். அதன் பிறகு எலிங்டன் கூட்டியின் பெயரிலேயே ஓர் இசை எழுதினார்.

நண்பர்களே, நம்மை ஹால் டிக்கெட்டில் நம்பராகப் பார்ப்பார்கள். நாளைக்கு ஷிப்டில் டோக்கனாகப் பார்ப்பார்கள். நட்டுக்கும் போல்ட்டுக்கும் இன்டர்சேஞ்சபிலிட்டி வேண்டும். மனுசனுக்கு வேண்டாம். நம்மில் சிலர் நாளைக்கு சூப்பர்வைசர் ஆவோம், சிலர் சொந்தப் பட்டறை போடுவோம். அப்போது நம்மிடம் வேலை பார்க்கிறவரின் பெயரும், அவர் கையின் தனி வாகும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. நம்ம கல்லூரி விழாவுக்கு வருஷா வருஷம் பேண்டு செட் வருகிறது. சிறப்பு விருந்தினரை வாசலில் இருந்து அழைத்து வந்து விட்டுவிட்டு அப்படியே போய்விடுகிறது. அடுத்த விழாவில் அவர்களுக்கு மேடையில் அரை மணி நேரம் கொடுங்கள். எலிங்டன் மைக்கைப் பிடித்துத் தம் குழுவின் ஆட்களைப் பெயர் சொல்லி நிற்க வைப்பார். நாமும் அந்தப் பத்துப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். அப்புறம் நம்மோடு முதல் பந்தியில் உட்காரட்டும்.



– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை